முகட்டைத் திறந்தவர்

"இது எங்கப்பா கட்டின கொட்டகை. இதுல ஒரு ஊசித் துளை போடக்கூட நான் விட மாட்டேன்!"

கணவன் போட்ட சத்தத்தில் மாடுகளே திரும்பிப் பார்த்தன. அவன் வாயில் ஒரு பிடி வைக்கோலைத் திணிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

அவள் மடியில் கன்றின் தலை கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் விலா ஏறி இறங்கியது. இந்தக் குளிர்காலத்தில் ஏற்கெனவே இரண்டு கன்றுகள் இருமி இருமியே போய்விட்டன. புட்டியில் பால் கொடுத்து அவள் வளர்த்த கன்று இது. இதுவும் போனால் அவளால் தாங்க முடியாது.

கொட்டகைக்குள் நல்ல காற்று வரவும் கெட்ட காற்று போகவும் வழி செய்து கொடுப்பதுதான் எதிரே நின்ற பொறியாளரின் தொழில். "இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன், உங்க கொட்டகையையும் பாத்துட்டுப் போலாமேன்னு..." என்று காலையில் தானாக வந்து நின்றார். உள்ளே காலை வைத்ததுமே மூத்திர நெடியில் அவர் கண்களில் நீர் கட்டிவிட்டது.

"நீங்களே பாருங்க" என்று கன்றைவிட்டுத் தள்ளிப் போய், புகை விடும் குச்சி ஒன்றைப் பற்றவைத்தார். புகை நேரே மேலே போனது, கூரைத் தகரத்தில் முட்டியது, போக வழி தெரியாமல் மெல்லக் கீழே இறங்கி அங்கேயே நின்றது.

"மாடு விடுற மூச்சும் இப்படித்தாங்க. சூடா மேல போகுது. வெளிய போக வழியில்ல. தண்ணியா மாறி கன்னு முதுகுலயே சொட்டுது. குளிரை அது தாங்கிக்கும். ஈரத்தையும் இந்த நெடியையும் தாங்காது. முகட்டுல நீளத்துக்கும் ஒரு கை அகலம் திறந்து விடுங்க, மேல சின்னதா ஒரு மூடி வெச்சா மழையும் இறங்காது."

மூலையில் மாமனார் கைகட்டி நின்றார். இந்தக் கொட்டகையின் ஒவ்வொரு தகரமும் அவர் கையால் அடித்தது. 'காத்துகூட என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். போன மாதம் அவள் பயந்து பயந்து, "மாமா, உள்ள கொஞ்சம் புழுக்கமா இருக்கில்ல?" என்று கேட்டதற்கே மனிதர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பெற்ற பிள்ளையாவது எடுத்துச் சொல்வான் என்று பார்த்தால், இவன் அப்பனுக்கு மேலே குதிக்கிறான்.

"ஏங்க, கன்னைப் பாருங்க. சார் சொல்றதைக் கேட்டாத்தான் என்ன?"

"நீ சும்மா இரு. கூரையைத் திறந்தா குளிர் இறங்காதா? இவர் வந்து சொல்லித்தான் தெரியணுமா? கொட்டகையைப் பத்தி எனக்குத் தெரியாததா?"

மாமனார் தொண்டையைச் செருமினார். "உனக்கு என்னடா தெரியும்?"

"என்னப்பா, உங்களுக்காகத்தானே நான் பேசறேன்..."

"எனக்காக நீ ஒண்ணும் பேச வேணாம். கட்டினது நானா, நீயா? ஒரு ஆணி நேரா அடிக்கத் துப்பு உண்டா உனக்கு? புகை முட்டிக்கிட்டுத் திரும்புதே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

"அதுக்காக முகட்டைப் பிரிக்கிறதா? கூடவே கூடாது!"

"ஏன் கூடாது? ஏணியை எடுத்துட்டு வாடா!"

பொழுது சாய்வதற்குள் மாமனாரே கூரை ஏறி முகட்டைப் பிரித்துவிட்டார். கணவன் முணுமுணுத்துக்கொண்டே கீழே ஏணியைப் பிடித்து நின்றான். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. தட்டை மட்டும் வைத்தாள், அதுவும் 'நங்'கென்று.

பொறியாளர் மறுபடி வந்தபோது தகரம் காய்ந்து கிடந்தது. கன்று வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு துள்ளு துள்ளி, நிறைந்த பால் வாளியைக் கவிழ்த்தது. அவளுக்குக் கோபமே வரவில்லை. வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்தி, முகட்டைத் திறப்பதன் அருமையை மாமனார் விளக்கிக்கொண்டிருந்தார்.

பொறியாளரை வழியனுப்ப வாசல்வரை போனவளுக்குக் கண் கலங்கியது.

"ரொம்ப நன்றிங்க. கூப்பிடாமலே தெய்வம் மாதிரி வந்தீங்க. இந்தக் கன்னு பிழைச்சதுன்னா அது உங்களாலயும் எங்க மாமாவாலயும்தான். எங்க வீட்டுக்காரரை நம்பியிருந்தா இதையும் பறிகொடுத்திருப்பேன். அன்னைக்கு அவர் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

பொறியாளர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தயங்கினார்.

"கூப்பிடாம நான் எங்கம்மா வந்தேன்? உங்க வீட்டுக்காரர்தான் என் ஆபீசைத் தேடி வந்து, கன்னு மூச்சுக்குத் திணறுறதைச் சொல்லிச் சொல்லி அழுதாரு. 'அப்பா மனசு நோகக் கூடாது சார், நான் வேணாம்னு சொன்னாத்தான் அவர் வேணும்பாரு, அதனால நான் எவ்வளவு கத்தினாலும் நீங்க பாட்டுக்குப் பேசுங்க'ன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவர்தாங்க."