பூசாத குழாய்

குழாயை நீளவாக்கில் கீறிப் பிளந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை.

விளக்கடியில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தாள். துப்புரவாக இருந்தது. பேருக்குக்கூட ஒரு ரத்தக்கட்டி இல்லை.

பூச்சுப் பூசிய குழாயாக இருந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள். இது பூசாதது. ஒரு மணி நேரம் ரத்தம் சுற்றி வந்தால் இந்த வெறும் பிளாஸ்டிக் குழாய் அடைத்துக்கொள்ள வேண்டும். பூசிய குழாய் அடைக்காமல் இருக்க வேண்டும். அப்போதுதான் நான்கு வருடமாக அவள் மல்லுக்கட்டிய பூச்சுக்கு மரியாதை.

இப்போது இரண்டும் சுத்தம். எண் ஒட்டியிராவிட்டால் எது எதுவென்று பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.



இது மூன்றாவது சோதனை. கடைசி. மார்ச்சிலும் மே மாதத்திலும் வெறும் குழாய் திம்மென்று அடைத்துக் கிடந்தது. மூன்றுக்கும் ஒரே ஆளின் ரத்தம்தான் என்று விதி எழுதியவள் அவளே. ஆள் மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

பம்பு சரியாக ஓடியது. சூடு முப்பத்தேழில் நின்றது. குழாயும் மாறவில்லை.

மிச்சம் இருந்தது ரத்தம்.

ரத்தம் பூவலிங்கத்துடையது. ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர். ஐம்பத்திரண்டு வயது, ஒப்பந்த வேலை. ஊசி குத்துவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பாள்: "பத்து நாளா மாத்திரை ஏதும் போட்டீங்களாண்ணே?" சில மாத்திரைகள் உள்ளே போனால் ரத்தம் லேசில் உறையாது. அவர் "இல்ல மேடம்" என்பார். அவள் டிக் அடிப்பாள். இன்று காலையும் அப்படித்தான்.

வாளியோடு அவரே உள்ளே வந்தார். பிளந்து கிடந்த குழாயைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னண்ணே போட்டீங்க?"

வாளியைக் கீழே வைத்தார். கதவைச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

பெயரைப் படித்தாள். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் போடுவது. ரத்தம் அதில் உறைந்துவிடக் கூடாது என்று ஒரு நாள்கூட விடாமல் போட வேண்டியது.

ஜனவரியில், மைத்துனர் வீட்டுக் கல்யாணம் என்று பத்து நாள் லீவு போட்டிருந்தார். திரும்பி வந்து எல்லாருக்கும் லட்டு வேறு கொடுத்தார். அட மனுஷா!

"ஆபீஸ்ல சொல்லிராதீங்க மேடம். நெஞ்சுல கம்பி வச்ச ஆளுன்னா அடுத்த வருஷம் எடுக்க மாட்டாங்க. ரத்தம் தரமாட்டேன்னா ஏன்னு கேப்பீங்க. அதான்."

கோபம் வந்தது. கோபத்துக்கு நடுவிலும் ஒரு கணக்கு உதைத்தது. முதல் இரண்டு சோதனையும் ஜனவரிக்கு அப்புறம் செய்தவை.

"அப்ப அந்த ரெண்டு தடவ மட்டும் எப்படி உறைஞ்சுது?"

"அப்பல்லாம் தேதிய முன்னாடியே சொல்லிட்டீங்க. பத்து நாள் மாத்திரைய நிறுத்திட்டு வந்தேன். இந்தத் தடவ நேத்து சாயங்காலம்தான சொன்னீங்க."

குரலில் குறையோ புகாரோ இல்லை. வேலையில் ஒரு பிசகு நடந்துவிட்டது, அதற்கான காரணத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

இரண்டு தடவை. பத்துப் பத்து நாள். குழாயில் அடைத்துக் கிடந்தது அவர் நெஞ்சுக்குள் அடைத்திருக்கலாம். அதைப் பார்த்துத்தான் அவள் இரண்டு தடவையும் கை தட்டியிருக்கிறாள்.

"அடுத்த தேதிய இப்பவே சொல்லிருங்க மேடம். கரெக்டா வந்துர்றேன்."

அறிக்கை கொடுக்க இன்னும் எத்தனை நாள் என்று மனம் தன்பாட்டுக்கு எண்ணியது. பன்னிரண்டு. பத்து போனாலும் இரண்டு நாள் மிஞ்சும். எண்ணிய தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பூவலிங்கம் பேனா மூடியைக் கழற்றி, இடது உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றார்.