உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை

கூட்ட அறையில் விளக்கை அணைத்திருக்கிறார்கள். பார்த்த படங்களை வைத்து அடுத்த படத்தைப் பரிந்துரைக்கும் தன் நிரலை அவள் எல்லோருக்கும் ஓட்டிக் காட்டுகிறாள். சோதனைக் கணக்குக்குப் பதில் தன் சொந்தக் கணக்கைத் திறந்துவிட்டது பரிந்துரைத்த படங்கள் சுவர்த்திரையை நிறைத்த பிறகுதான் உறைக்கிறது. புருஷனிடமிருந்து தப்பி ஓடும் பெண். பெயரை மாற்றிக்கொண்டு, குழந்தையோடு வேறு ஊரில் ஒளிந்து வாழும் இன்னொருத்தி. நகர்த்த நகர்த்த அதே கதைதான். “என்னம்மா, ஒரே மாதிரியா கொட்டுது!” மேலாளர் சிரிக்கிறார். “டெஸ்ட் அக்கவுண்ட் சார், சும்மா போட்டது.” என்றபடி அவள் பட்டியலை வேகமாக மேலே நகர்த்துகிறாள். இதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன், கடைசி நாற்காலியில், திரை மூலையில் அவள் கணக்கின் சின்ன அடையாளப் படத்தையே பார்க்கிறான். அவர்கள் மகள் வரைந்த மஞ்சள் பூனை. “நல்லா வந்திருக்கு,” என்கிறான் மெதுவாக. “வீட்டுக்குப் போய் ஒண்ணொண்ணா சேர்ந்து பாக்கலாம்.”