மயிரிழை இடைவெளி

ஆய்வுக்கூடத்து உலையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அந்தப் படிகத்தின் தலையெழுத்தைக் கம்ப்யூட்டர் எழுதி முடித்திருந்தது.

"உனக்குள்ள எலக்ட்ரான்களோட ரெண்டு ஆற்றல் கோடு ஒரு புள்ளியில தொட்டுக்கும். எவ்வளவு உலுக்கினாலும் பிரியாது. நீ அபூர்வமான அரை உலோகம்," என்றது அது.

படிகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. "எனக்குத் தெரிஞ்சு அதுங்க தொடலைங்கய்யா. நடுவுல மயிரிழை இடைவெளி இருக்கு."

"உன்னைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

ஆய்வாளர்கள் படிகத்தின் உச்சியில் ஒரு குச்சியை ஒட்டித் தட்டினார்கள். மேல் அடுக்கு பெயர்ந்து புது முகம் வந்தது. அதில் ஒளியைப் பாய்ச்சினால் இடைவெளிதான் தெரிந்தது.

"மேல அழுக்கு, அதான் அப்படித் தெரியுது. இன்னொரு அடுக்கைப் பெயர்த்துப் பாருங்க," என்றது கம்ப்யூட்டர்.

மறுபடி குச்சி, மறுபடி தட்டு, மறுபடி அதே இடைவெளி. அழுக்கு எங்கே இருக்கிறது என்று படிகமே தன்னைத் துழாவ ஆரம்பித்தது. குச்சி வந்தால் தானாகவே தலையைக் கொடுத்தது. கடைசியில் பசையோடு ஒட்டிய ஒரு செதில்தான் மிஞ்சியது.

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் தன் கணக்கில் விட்டுப்போன ஒன்றைச் சத்தமில்லாமல் சேர்த்தது. கோடுகள் விலகின.

"இந்தப் படிகத்துல இடைவெளி இருக்கும். என் கணிப்பு நிரூபணமாயிடுச்சு," என்று அறிவித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் செதில் கேட்டது. "நான் அன்னைக்கே சொன்னேனே ஐயா?"

"சொன்னே," என்றது கம்ப்யூட்டர். "இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும்."