ரெண்டு மூட்டை எரு

“இப்போதைக்கு யாருக்கும் எரு கிடையாது, டீச்சர்” என்றார் பால்காரர்.

தலைமையாசிரியைக்குச் சுருக்கென்றது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. கறுப்பாக, பொலபொலவென்று, துளி நாற்றம் இல்லாமல் மட்கிய எரு. கண்ணெதிரே வைத்துக்கொண்டே இல்லை என்கிறாரே இந்த மனுஷன்.

“ரெண்டே ரெண்டு மூட்டைதான். தக்காளி நாத்து நாலு நாளா காத்துக்கிட்டு இருக்கு.”

“ஒரு மூணு வாரம் பொறுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்.”

“எருவுல என்னங்க பார்க்கறதுக்கு இருக்கு?”

பால்காரர் தலையைச் சொறிந்தார். “சும்மா ஒரு சந்தேகம். தீர்ந்ததும் நானே கொண்டுவந்து போடறேன்.”

கொட்டகை ஓரத்தில் நாலு தொட்டிகளில் அதே எருவை நிரப்பி, அவரை விதை ஊன்றி வைத்திருந்தார். டீச்சர் கண்ணில் அதுவும் பட்டது. ஓஹோ, தன் தோட்டத்துக்கு என்றால் மட்டும் எரு இருக்கிறதாக்கும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் பொரிந்து தள்ளினார். “பெரிய தங்கச் சுரங்கம் வெச்சிருக்காரு. கிள்ளிக் குடுத்தா குறைஞ்சிடுமாம்.”

மறுநாள் காலை பால்காரர் பால் ஊற்றக் கிளம்பிய நேரம் பார்த்து, டீச்சர் வீட்டுக் கார் கொட்டகைப் பக்கம் போய் நின்றது. கணவர் கையில் ரெண்டு காலி சாக்கு.

“ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்தா என்ன?” என்றார் பாவம், அந்த மனுஷர்.

“கேட்டேனே. அவர்தானே தரலை.”

கணவர் சாக்கை விரித்துப் பிடித்தார். டீச்சர் அள்ளிப் போட்டார். அடுத்த பிள்ளையின் ரப்பரை எடுத்த பையனை நிற்க வைத்து அரை மணி நேரம் நியாயம் பேசுகிற அதே டீச்சர்தான்.

வாசல்படி ஓரம் வரிசையாகப் பன்னிரண்டு தொட்டி. பத்து நாள் செடியெல்லாம் ஜம்மென்று இருந்தது. அப்புறம்தான் ஆரம்பித்தது வினை. துளிர் இலையெல்லாம் குறுகி, முறுக்கிக்கொண்டு, உள்பக்கமாகச் சுருண்டது. பூச்சியா என்று ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு பூச்சி இல்லை. தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார். ஊஹும்.

நாற்றுப்பண்ணைக்குப் போன் போட்டார். “என்ன எரு போட்டீங்க? எங்கே வாங்கினீங்க?” என்று கேட்டார் பண்ணைக்காரர். டீச்சர் போனை வைத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய தலைவலி, பால்காரர் தினமும் அந்தப் படியில் நின்றுதான் பால் ஊற்றுவார். தொட்டிகளோ நகர்த்த முடியாத கனம். விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளை அதட்டுவது? அதனால் அவர் வருகிற நேரத்துக்குச் செடிகளின் மேல் ஒரு பழைய போர்வையை விரித்து வைத்தார்.

“குளிருக்கா டீச்சர்?”

“ஆமா, குளிருக்குத்தான்.”

காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பால்காரர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள், பாலோடு ஒரு தட்டு நிறையத் தக்காளி நாற்றும் ரெண்டு மூட்டை மண்ணும் வண்டியில் வந்து இறங்கின.

“இது எதுக்குங்க?” என்றார் டீச்சர்.

“என் சந்தேகம் சரியாப் போச்சு டீச்சர். இந்தத் தடவை மாட்டுக்கு வாங்கின புல்லுல களைக்கொல்லி அடிச்சிருக்காங்க. மாட்டுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா மருந்து அப்படியே சாணியில வந்துடுது. மட்கினாலும் போக மாட்டேங்குது. புல்லை ஒண்ணும் பண்ணாது. அவரை, தக்காளின்னா சுருட்டிடும். நான் ஊனி வெச்ச அவரை நாலு தொட்டியிலயும் சுருண்டு போச்சு.”

டீச்சர் செடி மேல் கிடந்த போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

“அதுக்குள்ள யாரோ குவியல்ல ரெண்டு மூட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க” என்றார் பால்காரர்.

பழக்க தோஷம் யாரை விட்டது? “அடப்பாவமே, இந்தத் தெருவுல திருட்டா? ஆளைக் கண்டுபிடிச்சு நாலு கேள்வி கேட்கணுங்க” என்று டீச்சர் குரலை உயர்த்தினார். உள்ளே கணவருக்குப் புரை ஏறியது.

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். செடி மேல உள்ள ஆசையில எடுத்திருப்பாங்க. முதல்லயே விஷயத்தை உடைச்சுச் சொல்லாதது என் தப்பு. உறுதியாத் தெரியாம புல் வித்தவர் பேரைக் கெடுக்க வேணாமேன்னு இருந்துட்டேன். எடுத்தது யாரோ, செடி போச்சேன்னு தவிச்சுக்கிட்டு இருப்பாங்க. அதான் தெருவுல எல்லா வீட்டுக்கும் நாத்தும் நல்ல மண்ணும் குடுக்கறேன். எடுத்தவங்களுக்கும் போய்ச் சேர்ந்துடும், யாருக்கும் சங்கடமும் இல்லை பாருங்க.”

“நல்ல மனசுங்க உங்களுக்கு.”

“பழைய மண்ணு யார்கிட்ட இருந்தாலும் குப்பை உரத்துல கலந்துடக் கூடாது. சாக்குல கட்டி வெச்சா நானே வந்து எடுத்துக்கறேன். எல்லா வீட்டுலயும் இதைத்தான் சொல்றேன்.”

வண்டி நகர்ந்ததும் டீச்சருக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. “தப்பிச்சோம். அவருக்கு யார்னே தெரியலை” என்று கணவரிடம் கிசுகிசுத்தார். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு தொட்டியிலும் மண்ணை மாற்றி, புது நாற்றை நட்டாயிற்று. சந்தோஷம் தாங்காமல் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய் நின்றார்.

“உங்க நாத்தை நட்டுட்டீங்களா?”

“எந்த நாத்து டீச்சர்?”

“பால்காரர் தெருவுல எல்லாருக்கும் குடுத்தாரே.”

தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “காலையில பூரா வாசல்லதான் உட்கார்ந்து தைச்சுக்கிட்டு இருந்தேன். தட்டு, மூட்டை எல்லாத்தையும் உங்க வீட்டுலயே இறக்கிட்டு வெறும் வண்டியாத்தானே போனாரு.”