காதுக்கு வந்த கேடு

ஹெட்போனுக்குள் அந்த ஆங்கிலக்காரி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. ஓட்டல் அறை கேட்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. என்றைக்கு, எத்தனை பேருக்கு என்பதெல்லாம் காற்றோடு போய்விட்டது. விடைத்தாளில் பாதிக் கட்டங்கள் காலி.

வால்யூம் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது. ஹெட்போனும் புதுசு. பழையதன் மேல் பழிபோட்டுத் தூக்கிப் போட்டாயிற்று.

அவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு மற்றதெல்லாம் கூடிவந்துவிட்டது. இந்த ஆங்கிலத் தேர்வில் காதால் கேட்டு எழுதும் பகுதி ஒன்றுதான் பாக்கி.

மனைவியிடம் சம்மதம் வாங்கியதே பெரும்பாடு. இப்படித்தான் அவன் அண்ணன் "ரெண்டே வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போய், அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டு, அண்ணிக்குப் போன் பண்ணுவதைக்கூட விட்டுவிட்டான். "நானும் அவனும் ஒண்ணா?" என்று இவன் சண்டை போட்டுத்தான் அவளை வழிக்குக் கொண்டுவந்தான். சம்மதித்த பிறகு அவள் குறை வைக்கவில்லை. பயிற்சிக்கு வேண்டியதையெல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள்.

"இன்னைக்கும் கேக்கலையா?" பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், காதோரம் குனிந்து உரக்கவே கேட்டாள்.

"நேத்தைக்கு இன்னைக்கு மோசம். ஆடியோவுல ஏதாவது கோளாறா?"

"நான் கேட்டுப் பாத்துட்டுத்தானே தரேன். இரைச்சல் எல்லாம் எடுத்து, சுத்தம் பண்ணித்தான் கொண்டு வரேன்."

அவள் தொழிலே அதுதான். பஸ் நிலையங்களுக்கு அறிவிப்புக் குரல் பதிவு செய்துகொடுக்கும் ஆபீசில் வேலை. அங்கேயே இவனுடைய பயிற்சிகளையும் பக்குவப்படுத்தி, பென் டிரைவில் போட்டுக் கொண்டுவருவாள்.

சந்தேகம் தீர, முதன்முதலில் எழுதிய பயிற்சியையே அவளிடம் மறுபடி கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தான். அன்று ஒரு தப்புகூட இல்லை. இன்று அதே நூலகரும் அதே மாணவனும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டார்கள்.

"எங்க ஆஸ்பத்திரி காது டாக்டர்கிட்டயே காட்டிடறேன்."

"காட்டினா ஃபைல்ல எழுதிடுவாங்க. அப்புறம் அங்க மட்டுமில்ல, இங்க இருக்கற வேலைக்கும் உலை வெச்சிடுவாங்க. கொஞ்சம் பொறுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. காது கேட்காத நர்ஸை எந்த வார்டில் நிறுத்துவார்கள்? காலையில் வராந்தாவின் கோடியில் ஒரு நோயாளி முனகியபோது, இவன்தான் முதல் ஆளாக ஓடினான். நாளைக்கு அது கேட்காமல் போனால், ஓர் உயிருக்கு யார் பதில் சொல்வது?

"காலைல முனகினது எனக்குக் கேட்டுதே," என்றான், ஒரு நப்பாசையில்.

"அது பழக்கம். பேச்சுதான் முதல்ல மங்குமாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு."

வீட்டில் அவனை உத்தேசித்து எல்லாமே ஒரு படி உயர்ந்திருந்தது. டிவி அலறியது. "அப்பாவுக்குக் கேக்கற மாதிரி பேசு" என்று அம்மா சொல்லிவைத்ததால், மகள் பென்சில் கேட்பதைக்கூட மேடைப் பேச்சாகவே பேசினாள். முதலில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது அவள் வாயைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தேர்வை ரத்து செய்ய அன்று மாலைவரைதான் கெடு. எழுதித் தோற்றால் ஏன் தோற்றான் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், காதைச் சோதிப்பார்கள். எழுதாவிட்டால் அங்கே காத்திருக்கும் வேலை அடுத்தவனுக்குப் போகும். இங்கிருக்கும் வேலையாவது மிஞ்சும்.

போனைக் கையில் எடுத்தவன் மனைவியைப் பார்த்தான்.

"உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள், உரத்த குரலில். கண் கலங்கியிருந்தது.

அவன் பொத்தானை அழுத்தினான். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பிறகு, தேர்வு ரத்தாகிவிட்டது என்று வந்தது. இத்தனை வருஷத்து ஆசை அவ்வளவு சுலபத்தில் முடிந்துபோனதை அவனால் நம்ப முடியவில்லை.

"விடுங்க. இருக்கறதை வெச்சு நிம்மதியா இருப்போம்," என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் டிவியை அணைத்துவிட்டு விளையாடப் போனாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டில் யாரும் கத்தவில்லை. அவன் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம். தொடர்ந்து மனைவியின் குரல். போனில் அண்ணியிடம் பேசுகிறாள். பேச்சு என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் மூச்சுக் காற்று. ஆனாலும் சாத்திய கதவையும் கொட்டுகிற தண்ணீரையும் தாண்டி, அது ஓர் எழுத்து விடாமல் அவன் காதில் விழுந்தது.

"இனிமே நான் ஆடியோவுல சத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லக்கா, அவரே வேணாம்னுட்டாரு."