இரண்டு ஜன்னல்

ஒரு சமையலறைக்கு எதற்கு இரண்டு ஜன்னல்? புது வீட்டைப் பற்றிய இந்தக் கேள்வி காலையிலிருந்து பெரிய மருமகளை முள்ளாகக் குத்துகிறது. வாசலில் மினி லாரி மழையில் நனைகிறது. அந்த வீட்டுக்குத் தனிக்குடித்தனம் போகும் ஓரகத்தியின் மெத்தைமேல் தார்ப்பாயை இழுத்துப் பெரியவளே முடிச்சுப் போடுகிறாள். கயிறு உள்ளங்கையை அறுக்க, இன்னும் இறுக்குகிறாள். இத்தனை வருடமாக இருவரும் தோள் இடிக்க நின்று சமைத்த அறைக்கு ஜன்னலே கிடையாது. பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்ட சின்னவளின் மடியில் மசாலா டப்பாக்கள், பெரியவள் அடுக்கும் அதே வரிசையில், துடைத்த மூடிகளோடு பளபளக்கின்றன.

“அக்கா, நீங்களும் ஏறுங்க. நீங்க வந்து அடுக்கினாத்தான் எது எங்கன்னு எனக்குக் கை போகும். இருட்டுலயே தேடிப் பழகினவ, வெளிச்சத்துல தடுமாறிடுவேன்” என்று சிரிக்கிறாள்.

“சீக்கிரம் ஏறுங்கம்மா, இன்னும் கொஞ்சம் நின்னா துடுப்புதான் போடணும்” என்கிறார் ஓட்டுநர்.

வெளியே தொங்கும் சின்னவளின் முந்தானை நுனியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பெரியவள் லாரியின் கதவை மெல்லச் சாத்துகிறாள்.

“அடுப்புல பால் இருக்கு. நீ கெளம்பு.”

அடுப்பு இன்று பற்றவைக்கப்படவே இல்லை என்பது சின்னவளுக்கும் தெரியும்.