நத்தைக்கு வந்த நிதி

ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் நத்தைக்குக் கடைசி பெஞ்சு. கரும்பலகையில் முதல் வார்த்தையை அது எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள், தலைமையாசிரியர் நாரை பாடம் முழுவதையும் அழித்துவிடுவார்.

"கொஞ்ச நேரம் விட்டு வைங்க ஐயா."

"உன் ஒருத்திக்காக வகுப்பே காத்துக்கிட்டு இருக்கணுமா?"

அந்த வருஷம், பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க அரசாங்கத்திலிருந்து நிதி வந்தது. அந்தப் பள்ளியில் பின்தங்கியது நத்தை மட்டும்தான். காலே இல்லாத நத்தைக்குத் தலைகால் புரியவில்லை. இனி யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லித் தருவார்கள் அல்லவா!

நாரை விழா எடுத்தார். பந்தல், மேளம், கேசரி. அதிகாரி யானைக்குப் பந்தல் அகலத்துக்கு ஒரு பொன்னாடை. வாசலில் பனைமர உயரத்துக்கு ஒரு பேனர். நிதி அதோடு சரி.

விழா முடிந்தும் பேனரை யாரும் அவிழ்க்கவில்லை. யாரும் அழிக்காத எழுத்தை நத்தை அப்போதுதான் பார்த்தது. தினமும் அதன்மேல் ஊர்ந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தது.

வருஷக் கடைசியில் யானை மறுபடி வந்தார். "எங்கே, ஏதாவது படிச்சுக் காட்டு, பார்ப்போம்."

நத்தை பேனரைப் பார்த்து மூச்சுப் பிடித்துப் படித்தது: "பின்தங்கிய நத்தையின் வால்வில் விளக்கேற்றிய வள்ளல் நாரையார் வால்க!"

யானைக்குக் கண் கலங்கிவிட்டது.

நாரை பணிவாகக் குனிந்தார். "'ழ' மட்டும்தாங்க இன்னும் வரலை. அடுத்த வருஷ நிதியில அதுக்கும் ஒரு பேனர் வெச்சிடலாம்."